நடமாட்டம் குறைந்த பெரியவர் மருத்துவமனையில் இருக்கும்போது: குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் முதியோர் வார்டில் தாதியாக வேலை பார்க்கிறேன். பார்வை நேரத்தில் தமிழ்க் குடும்பங்கள் என்னைக் கட்டிலோரமாக நிறுத்திக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்தவர், பக்கவாதம் வந்தவர், நிமோனியாவில் சுருண்டு படுத்துவிட்டவர் என்று காரணம் வேறுவேறாக இருக்கலாம். எழுந்து நடக்க முடியாதவருக்கு வேண்டிய கவனிப்பு பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு மருத்துவர் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

உடம்பு சரியில்லாதவர் படுத்து ரெஸ்ட் எடுக்கட்டுமே, எதற்கு எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கிறீர்கள்?

இந்த விஷயத்தில்தான் எங்களுக்கும் குடும்பத்தாருக்கும் அடிக்கடி முட்டிக்கொள்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வயதானவர் உடம்பில் தசை சீக்கிரம் கரையும், திரும்ப வளர வெகுநாள் ஆகும். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007இல் வெளிவந்தது. அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துபோயிருந்தது. எந்த நோயும் இல்லாதவர்களுக்கே அந்தக் கதி. காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும். வீட்டில் கழிவறைக்குத் தானே நடந்து போய்வந்தவர், நிமோனியா குணமான பிறகும் நடக்க முடியாமல் போவது இப்படித்தான். நோய் போய்விடும், படுக்கை கொண்டுவந்த பலவீனம் தங்கிவிடும்.

தசையோடு முடிவதில்லை. மல்லாந்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தேங்கும். குடல் மந்தமாகி மலச்சிக்கல் வரும். காலில் ரத்தம் உறையலாம். பல நாள் படுத்தவரைத் திடீரென்று நிற்க வைத்தால் ரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றும். அதனால்தான் முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் உட்கார வைத்து, அப்புறம் நிற்க வைத்து, அப்புறம் நாற்காலிக்கு மாற்றுகிறோம்.

“பாவம், தூங்கட்டும் மிஸ்ஸி” என்று நீங்கள் சொல்வது பாசத்தினால் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் மூன்று வேளைச் சாப்பாட்டையாவது நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். கையைத் தூக்க முடிந்தால் அவரே முகம் துடைக்கட்டும், அவரே கரண்டியைப் பிடிக்கட்டும். நேரம் பிடிக்கும், சட்டையில் சிந்தும், பரவாயில்லை.

இடுப்பு ஆபரேஷன் ஆன மறுநாளே நிற்கச் சொல்கிறார்கள். தையல் பிரிந்துவிடாதா?

பிரியாது. முறிந்த எலும்பை உலோகத் தண்டோ தகடோ வைத்துப் பொருத்துவதும், செயற்கை மூட்டு வைப்பதும் அவர் சீக்கிரம் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். காலில் எவ்வளவு எடை போடலாம் என்று அறுவை மருத்துவர் எழுதிவைத்திருப்பார், பிசியோ எனப்படும் இயன்முறைச் சிகிச்சையாளர் அதைப் பார்த்துத்தான் நிற்க வைப்பார். நீங்கள் கவனிக்க வேண்டியது வலி. நம்மூர்ப் பெரியவர்கள் வலிக்கிறதா என்று கேட்டால் “பரவாயில்லம்மா” என்றே சொல்வார்கள். புரட்டும்போது முகம் சுருங்குகிறதா, மூச்சைப் பிடிக்கிறாரா, கட்டிலை இறுகப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். அப்படி இருந்தால், பிசியோ வருவதற்கு முன்பே வலி மாத்திரை கொடுக்க முடியுமா என்று தாதியிடம் கேளுங்கள். வலி அடங்கியவர் நாலடி கூடுதலாக நடப்பார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுகிறீர்களே, தூங்கும்போதுமா?

ஆமாம், தானாகப் புரள முடியாதவருக்கு ராத்திரியிலும்தான். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கிக் கிடந்தால் அங்கே ரத்தம் ஓடாது. சில மணி நேரத்தில் சதை சாகத் தொடங்கும், அதுதான் படுக்கைப் புண். முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, கணுக்கால், முழங்கை, பின்மண்டை ஆகியவை முக்கியமான இடங்கள். இரண்டு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. தோலின் நிலையையும் மெத்தையின் வகையையும் பார்த்துத் தாதி அதைக் கூட்டுவார், குறைப்பார். யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்க பிரேடன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து கூடும், 18 அல்லது அதற்குக் கீழே வந்தாலே உஷாராகிவிடுவோம்.

முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பு எலும்பு அழுந்தும். அதனால் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை அளவுக்குத்தான் சாய்ப்போம். கெண்டைக்கால் நெடுக ஒரு தலையணை வைத்துக் குதிகால் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி விடுவோம். கட்டிலின் தலைமாட்டை நீங்கள் அதிகமாக உயர்த்தினால் அவர் கீழே சறுக்குவார், அந்த உராய்விலும் தோல் கிழியும். சாப்பாட்டு நேரம் தவிர மற்ற வேளையில் தாதி வைத்த உயரத்தை மாற்றாதீர்கள்.

ஏர் மெத்தை போட்டிருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். பாசத்தில் சிலர் அதன்மேல் கம்பளி, துண்டு, பிளாஸ்டிக் விரிப்பு என்று அடுக்குகிறார்கள். மெத்தை வேலை செய்வதே அதனால் கெட்டுப்போகும், ஒரு விரிப்பு போதும். நாற்காலியில் உட்காருபவருக்கும் இது பொருந்தும்: மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் ஆசன எலும்பில் புண் வரும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வாங்கி வராதீர்கள், அது சுற்றியுள்ள சதையை நசுக்கிவிடும்.

தோல் சிவந்தால் சொல்லுங்கள் என்கிறார்கள். எங்கள் அப்பா கறுப்பு. சிவப்பு எப்படித் தெரியும்?

இதை எல்லாத் தமிழ்க் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. படுக்கைப் புண்ணின் முதல் நிலையைப் பற்றிய பாடங்களில் பெரும்பாலும் வெளுத்த தோலைத்தான் காட்டுவார்கள்: சிவந்திருக்கும், விரலால் அழுத்தினாலும் வெளுக்காது. கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ ஊதா நிறமாகவோ தெரியலாம். புறங்கையால் தொட்டுப் பார்த்தால் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கும். கல் போல இறுகியோ, கனிந்த பழம் போல மெத்தென்றோ இருக்கும். தொட்டால் அவருக்கு வலிக்கும் அல்லது அரிக்கும். நல்ல வெளிச்சத்தில், மற்றப் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவின் இயல்பான நிறம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தத் தாதிக்கும் தெரியாது. “இந்த இடம் முன்பு இப்படி இல்லை” என்று நீங்கள் சொன்னால் போதும், நாங்கள் வந்து பார்ப்போம்.

நல்லெண்ணெய் தேய்த்து விடலாமா? தைலம், பவுடர்?

காய்ந்த கை கால்களில் மாய்ஸ்சரைசரை மென்மையாகத் தடவலாம். நிறம் மாறிய இடத்திலும் எலும்பு துருத்தும் இடத்திலும் மட்டும் தேய்க்கவே கூடாது. ரத்த ஓட்டம் வரட்டும் என்று அழுத்தித் தேய்த்தால், ஏற்கெனவே நசுங்கிய சதை இன்னும் சேதமாகும். சூடேற்றும் தைலம் முதியவரின் மெல்லிய தோலைப் பொசுக்கிவிடும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து மடிப்புகளில் கட்டியாகும். அரசு மானியம் உள்ள பி2, சி வகுப்பு வார்டுகளில் பொதுவாக ஏர்கான் இல்லை, மின்விசிறிதான். அங்கே மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் ஈரத்தை ஒற்றி எடுப்பது எந்தப் பவுடரையும்விட நல்லது.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டைக்கால் வலித்தால் அந்தக் காலை யாரும் பிடித்துவிடவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், பிடித்துவிட்டால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.

அரைஞாண் கயிறு, தாலி, கொண்டை எல்லாம் இருக்கலாமா?

இதை யாரும் தானாகக் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அரைஞாண் கயிற்றின் முடிச்சோ அதில் கோத்த தாயத்தோ இடுப்புக்கு அடியில் மாட்டினால் நாள் முழுக்கத் தோலை அழுத்தும். தளர்த்தி, முடிச்சை முன்பக்கம் கொண்டுவாருங்கள். முடிந்தால் வீட்டுக்கு எடுத்துப்போங்கள். பின்மண்டையில் கொண்டை போட்டுப் படுக்க வைத்தால் அங்கேயும் புண் வரும், பக்கவாட்டில் தளர்வாகப் பின்னி விடுங்கள். கை வீங்குவதற்கு முன்பே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுவது நல்லது. தாலியைப் பொறுத்தவரை, எம்ஆர்ஐ ஸ்கேன் போன்றவற்றுக்கு உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது. கடைசி நிமிடத்தில் அம்மா கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். முந்தின நாளே வீட்டில் பேசி, மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வருவது அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

டயப்பர் போட்டிருக்கிறதே, அதிலேயே போகச் சொல்லலாம் அல்லவா?

சொல்லாதீர்கள். கழிவறைக்குப் போகும் உணர்வு இருக்கும் மனிதரிடம் அப்படிச் சொன்னால் அவர் மனம் உடையும், கொஞ்ச நாளில் அந்தக் கட்டுப்பாடும் போய்விடும். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் புண்ணாகும். சக்கரம் வைத்த கமோடு நாற்காலி கேளுங்கள். படுத்தபடி பெட்பேனில் மலம் கழிப்பது யாருக்குமே சிரமம், உட்கார்ந்தால் பாதிச் சிக்கல் தீரும். சாப்பிட்ட சற்று நேரத்தில் உட்கார வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பெண் தாதி மட்டும்தான் அம்மாவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று விரும்பினால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆள் இருக்கும்போது நிச்சயம் ஏற்பாடு செய்வோம். இன்னொன்று, மற்றவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நிறைய. காலையில் வைத்த குவளை மாலையிலும் நிறைந்தே இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் “இது இன்னும் தேவையா?” என்று தினமும் கேட்கலாம். தேவைக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் கிருமித்தொற்று வாய்ப்பு கூடும்.

விழாமல் இருக்கக் கட்டிலின் நான்கு தடுப்பையும் தூக்கி வைத்தால் என்ன?

குழப்பத்தில் இருப்பவர் அதன்மேல் ஏறிக் குதிக்கப் பார்ப்பார், அப்போது இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிலைத் தாழ்த்தி வைப்பது, அழைப்பு மணியை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, கண்ணாடியைப் போட்டுவிடுவது, கழிவறைக்குக் கேட்பதற்கு முன்பே கூட்டிப்போவது ஆகியவைதான் அதிகம் உதவும். பின்பக்கம் திறந்த சிலிப்பரைக் கொண்டுவராதீர்கள். குதிகாலைப் பிடிக்கும், வழுக்காத செருப்பு வாங்கி வாருங்கள்.

நீங்களே எழுப்பி நிறுத்த நினைத்தால் அக்குளிலோ கையிலோ பிடித்து இழுக்க வேண்டாம். பக்கவாதம் வந்த பக்கத்தில் தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பில் கட்டும் பெல்ட் இருக்கிறது, பிசியோ சொல்லித்தருவார். அதுவரை எங்களைக் கூப்பிடுங்கள்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாமா?

முதலில் தாதியிடம் கேளுங்கள், ஏனென்றால் விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்கு வீட்டுச் சாப்பாடு ஆபத்தாகலாம். பக்கவாதத்துக்குப் பிறகோ ரொம்பத் தளர்ந்த பிறகோ உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். பேச்சு, விழுங்குதல் சிகிச்சையாளர் பார்த்து எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று சொல்வார். தண்ணீரையும் கெட்டியாக்கும் பவுடர் கலந்து கொடுக்கச் சொல்லலாம். அப்படிச் சொல்லியிருந்தால் ரசம், காப்பி, மோர், பாயசம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். “ஒரு வாய் ரசம்தானே” என்று ஊட்டிவிடாதீர்கள், நீராக ஓடுவதுதான் தொண்டையில் கட்டுக்கடங்காமல் போகும். சாம்பாரில் மிதக்கும் இட்லியும் அப்படித்தான்: நீரும் திடமும் கலந்தது இவர்களுக்கு மிகக் கடினம். உதிரி உதிரியான சோறும் வேண்டாம். நன்றாகக் குழைத்து, ஒரே பதமாக மசித்த பருப்புச் சாதம் சரியாக இருக்குமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள், சாப்பிட்ட பிறகு அரைமணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். வாயை ஒவ்வொரு வேளையும் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலுக்குப் போனாலும் நிமோனியா வரும். பல்செட்டை ராத்திரி கழற்றிப் பெயர் எழுதிய டப்பாவில் போடுங்கள். டிஷ்யூவில் சுற்றி வைத்த பல்செட் குப்பைக்குப் போய்விடும்.

சத்து விஷயத்தில் கஞ்சி மட்டும் போதாது. புண் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும். சைவக்காரர்களுக்குப் பருப்பு, தயிர், தௌக்குவா எனும் கெட்டியான சோயாக் கட்டி, பால் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் அளவை உணவு நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா திடீரென்று ஆளே மாறிவிட்டார். இறந்துபோன பாட்டியோடு பேசுகிறார். மறதி நோய் வந்துவிட்டதா?

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. ஒரு நாளிரண்டில் வந்து, காலையில் தெளிவாகவும் இரவில் மோசமாகவும் மாறிமாறி இருந்தால், அது பெரும்பாலும் டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பம். கிருமித்தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, வலி, நீர்ச்சத்துக் குறைவு, புது மருந்து என்று பின்னால் ஏதாவது காரணம் இருக்கும், அதைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். கத்திக் கலாட்டா செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். எனக்குக் கவலை தருபவர் எந்நேரமும் தூங்கி வழிபவர். “நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்” என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும், அதுவும் டெலிரியமாக இருக்கலாம். நேற்று பேசியவர் இன்று பேசவில்லை என்றால் உடனே சொல்லுங்கள்.

அவரோடு வாதாட வேண்டாம். “அம்மா, நான்தான் உன் மகள், இது மருத்துவமனை, வெளியே மாலை ஆகிவிட்டது” என்று மெதுவாகச் சொல்லுங்கள். கண்ணாடி, காதுக்கருவி, தெரிந்த குரல், பகலில் வெளிச்சம், ராத்திரி இருட்டு ஆகியவை அவருக்கு மருந்து மாதிரி உதவும்.

அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், வார்டில் தமிழ்த் தாதி இல்லை. என்ன செய்வது?

முதலில், தமிழ் மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஆட்கள் பலருக்குச் சந்தை மலாய் தெரியும். “சாக்கிட்” என்று அவர் சொன்னால் வலி என்று வார்டில் பலருக்குப் புரியும். உடம்பு முடியாதபோது பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, சிறுவயது மொழி மட்டும் நிற்பதும் உண்டு. எது நடந்தாலும் ஒரு அட்டை தயார் செய்யுங்கள்: வலி, தண்ணீர், பசி, கழிவறை, குளிர், தலைச்சுற்றல். ஒவ்வொன்றுக்கும் படம், தமிழ்ச் சொல், பக்கத்தில் அதன் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில். அதைக் கட்டிலருகே ஒட்டச் சொல்லுங்கள். மியன்மாரிலிருந்தும் பிலிப்பீன்சிலிருந்தும் வந்த என் சக தாதியர் அப்படியோர் அட்டையைப் பார்த்து “வலிக்குதா, அங்கிள்?” என்று கேட்கும்போது பெரியவர்களின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அறுவை சிகிச்சைக்கான சம்மதம் போன்ற முக்கியமான பேச்சுக்கு மட்டும் முறையான மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பேரப்பிள்ளையை வைத்து முடிக்க வேண்டாம்.

வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஒரு மணி நேரம்தான் வர முடிகிறது. அதில் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள், மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொல்லுங்கள், சாப்பாட்டுக்கு நாற்காலியில் உட்கார வைக்க உதவி கேளுங்கள். குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் தாதியோடு சேர்ந்து ஒருமுறை பாருங்கள். உறவினர் பத்துப் பேர் மொத்தமாக வந்து நிற்பதைவிட, ஆளுக்கொரு நாள், ஒரு சாப்பாட்டு வேளை என்று பிரித்துக்கொண்டு வருவதுதான் அவருக்குப் பலன் தரும்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் டிஸ்சார்ஜ் பற்றிப் பேசுகிறார்களே?

துரத்துகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நோய் கட்டுக்குள் வந்தபின் அவருக்குத் தேவைப்படுவது பயிற்சி, அதற்குச் சமூக மருத்துவமனை பொருத்தமான இடம். ஊட்ரம், செங்காங், ஈசூன், ஜூரோங் சமூக மருத்துவமனைகள் பெரிய மருத்துவமனைகளை ஒட்டியே இருக்கின்றன. சிமெய்யில் செயின்ட் ஆண்ட்ரூஸ் இருக்கிறது. பெரும்பாலும் சில வாரங்கள் தங்கித் தினமும் பயிற்சி பெறுவார்கள்.

வீட்டுக்கே கூட்டிப்போவது என்றால், பார்த்துக்கொள்ளப் போகிறவரை, அது பணிப்பெண்ணாக இருந்தாலும் நீங்களாக இருந்தாலும், டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டுக்கு வரச் சொல்லுங்கள். புரட்டுவது, குளிப்பாட்டுவது, சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, மூக்குக்குழாய் வழி உணவு கொடுப்பது ஆகியவற்றை நாங்கள் செய்துகாட்டுவோம். அவர் எங்கள் முன் செய்துகாட்ட வேண்டும். நீங்களும் உடன் நின்று கற்றுக்கொள்ளுங்கள். பணிப்பெண் ஒருவரே இரவும் பகலும் புரட்டிக்கொண்டிருக்க முடியாது, அவரும் தூங்க வேண்டும்.

செலவுக்கு என்ன உதவி கிடைக்கும்?

மருத்துவச் சமூக சேவையாளரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள், அவர்தான் இதற்குச் சரியான ஆள். பொதுவாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது: குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறை, நடமாட்டம், இடம் மாறுதல் என்று அன்றாட நடவடிக்கை ஆறு. 2020இல் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப் எனும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டம், இவற்றில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாத காப்புறுதிதாரருக்கு மாதாமாதம் பணம் தருகிறது. வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கும் மூன்று நடவடிக்கைகளில் எப்போதும் உதவி தேவைப்பட வேண்டும், குடும்ப வருமானமும் பார்ப்பார்கள். சக்கர நாற்காலி, மருத்துவமனைக் கட்டில் வாங்க மூத்தோருக்கான நடமாட்ட நிதி இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கைப்பிடியும் வழுக்காத தரையும் போட ஈஸ் திட்டம் இருக்கிறது. ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் கூப்பிடலாம். கைப்பிடி பொருத்த நாள் பிடிக்கும், அதனால் அவர் வார்டில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பார்த்தால் திரும்ப வர வேண்டும்?

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், எழுப்பியும் எழாத மயக்கம் என்றால் ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள், காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், புண்ணிலிருந்து சீழ் அல்லது நாற்றம், ஒரு கால் வீக்கம், ஒரே நாளில் வந்த குழப்பம், சாப்பாட்டையும் தண்ணீரையும் அடியோடு நிறுத்திவிடுவது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்குழாய் கழன்று வந்துவிட்டால் நீங்களே திரும்பச் செருகாதீர்கள். அதன் வழியாகக் கொடுக்கும் மருந்து தவறினால் என்ன செய்வது என்பதையும், குழாயை மாற்ற யாரைக் கூப்பிடுவது என்பதையும், டிஸ்சார்ஜ் நாளிலேயே தாதியிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.